சொல்லிக்கொடுப்பதும் பேசவிடுவதும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வேலைக்கல்வி

பால்மரத்தில் உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரம் பருக்கக் காரணமான மெல்லிய வளர்படலம் இருக்கிறது. உளி மேலோடு நின்றுவிட்டால் பால் பிடிக்கும் மங்கில் பால் குறையும். படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மறுபடி வெட்ட வரும்போது உளி சீராக ஓடாது. ஆகவே படலத்துக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பால்குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒட்டுமரத்தில் சாய்வு சுமார் 30 பாகை. ஒரு வெட்டுக்குச் சீவியெடுக்கும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். இவ்வளவையும் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரே காலையில் 500, 600 மரங்களில் செய்து முடிக்க வேண்டும்.

இந்த அறிவு பல பத்தாண்டு ஆய்வில் திரண்டது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எச். என். ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் அதே வெட்டின் விளிம்பை மீண்டும் மீண்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சாய்வு, ஆழம், வெட்டும் நாள் இடைவெளி, மரம் எவ்வளவு பருத்த பிறகு முதல் வெட்டைத் திறக்கலாம் என்பதையெல்லாம் அளந்து நிறுவியது. நெகிரி செம்பிலானின் லிங்கியிலோ லாபுவிலோ ரந்தாவிலோ முதன்முதலாக உளியைப் பிடிக்கும் ஒருவரிடம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பது மரத்துக்கும் கேடு, அவருக்கும் அவமரியாதை. தெரிந்தவர் செய்து காட்ட வேண்டும். தெரியாதவர் செய்து பார்க்க வேண்டும். தப்பு அங்கேயே திருத்தப்பட வேண்டும். முதலில் வெட்டிப்போட்ட கட்டையில், பிறகு மறுநடவுக்கு ஒதுக்கிய கிழட்டு மரங்களில், அப்புறம்தான் சொந்த நிரையில். பயிற்சி என்றால் இதுதான். நல்ல பயிற்சியைக் குறைத்துப் பேசும் எந்தக் கல்விக் கொள்கையும் தோட்டத்துக்குப் பொருந்தாது.

ஆனால் தோட்டத்து வேலையில் எழும் கேள்விகள் எல்லாம் உளியின் ஆழம் போன்றவை அல்ல. மருந்தடிக்கும் பெண்கள் ஏன் முகக்கவசத்தைக் கழற்றி விடுகிறார்கள்? செம்பனைக் குலை வெட்டுபவர் உதிரிப்பழத்தை ஏன் புல்லில் விட்டுவிட்டுப் போகிறார்? ஒரு தீம்பாரில் (தோட்டப் பகுதியில்) மட்டும் ஏன் ஆள் நிற்பதில்லை? இவற்றுக்கான விடை எந்த ஆராய்ச்சிக் கழகத்தின் கையேட்டிலும் இல்லை. அது வேலை செய்பவர்களிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அவர்களே பொருத்திப் பார்த்து, என்ன செய்யலாம் என்று தீர்மானிக்க வைக்கும் வேலையை இங்கே நெறியாள்கை என்கிறேன். அதைச் செய்பவர் நெறியாளர். பயிற்றுநர் விடையோடு வருகிறார். நெறியாளர் கேள்வியோடு வருகிறார். கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அவர் பொறுப்பு, கூட்டம் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதற்கு அல்ல. இரண்டும் வேறு வேறு தொழில், வேறு வேறு திறமை. ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றி வைத்தால் ஏற்படும் நட்டம் சிறியதல்ல என்பதற்கு மலேசியத் தோட்டங்களே நூறாண்டுச் சான்று.

நெகிரி செம்பிலானை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பிராட்வல், சிலியாவ், ரந்தாவ் அருகே லின்சம், பகாவ் வட்டாரத்தில் கெடிஸ் என்று தமிழர் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த தோட்டங்களின் பெயர்கள் இம்மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்றும் இருக்கின்றன. பால்மரம் பெரும்பகுதி போய்ச் செம்பனை வந்தது. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் வீடமைப்பும் தொழிற்பேட்டையுமாயின. லயத்துப் பிள்ளைகள் செனவாங், நீலாய் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தோட்டத்தில் மிஞ்சியவர்களில் பலர் மண்டோர்களாகி, இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா என்று வெளியிலிருந்து வந்தவர்களை வேலை வாங்குகிறார்கள். வேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி இங்கே ஒரே சமயத்தில் பல மொழிகளில் கேட்கப்படுகிறது.

தோட்டத்தின் பழைய கல்விக்கூடம் பெரட்டுக்களம். விடியற்காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்து அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் இடம். கங்காணி காலத்திலிருந்து அங்கே பேச்சு ஒரு திசையில்தான் ஓடியது: துரையிடமிருந்து கிராணிக்கு, கிராணியிடமிருந்து கங்காணிக்கு, அவரிடமிருந்து ஆட்களுக்கு. எதிர்த்திசையில் போனது பெரும்பாலும் முறையீடு, இல்லையென்றால் வேலை நிறுத்தம். ஆனால் தொழில் உண்மையில் கைமாறியது வேறு வழியில். பள்ளிக்குப் போகுமுன் அம்மாவோடு போய் ஒட்டுப்பால் உரித்த பிள்ளை, மங்கைத் துடைத்து வைத்த பிள்ளை, வாளி தூக்க உதவிய பிள்ளை, பதினைந்து பதினாறு வயதில் உளியைப் பிடிக்கும்போது பாதித் தொழிலை ஏற்கெனவே கற்றிருந்தது. ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய நூலில், லைபீரியத் தையற்காரர்கள் உள்ளிட்ட தொழிற்குழுக்களை வைத்து இதைத்தான் விளக்கினார்கள். புதியவர் ஓரத்துச் சிறு வேலைகளில் தொடங்கி மெல்ல மையத்துக்கு நகர்கிறார். கற்பிப்பவர் என்று தனியாக ஒருவர் இல்லாமலே கல்வி நடக்கிறது. குழந்தை உழைப்பை இதற்காக நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த வழி அடைபட்ட பிறகு அதற்கு ஈடாகத் தோட்டங்கள் எதை வைத்தன என்று கேட்க வேண்டியிருக்கிறது. வைத்தது பெரும்பாலும் வகுப்பு.

வகுப்பிலும் நல்ல மரபு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கா தன் தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்த புதியவர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. கற்பவரைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய வை, பின்தொடர்ந்து பார் என்ற நான்கு படிகள் அதன் சாரம். கற்பவர் கற்கவில்லை என்றால் பொறுப்பு சொல்லிக்கொடுத்தவருடையது என்ற கண்டிப்பும் அதில் இருந்தது. உளியைப் பழக்கும் நல்ல கண்காணிப்பாளர் இந்த நான்கையும் பெயர் தெரியாமலே செய்துவந்தார். இன்று பல இடங்களில் பயிற்சி என்று நடப்பது இரண்டாம் படியோடு நின்றுபோகிறது. குளிர்சாதன அறை, திரையில் படம், சாப்பாடு, சான்றிதழ். மூன்றாவதும் நான்காவதும் மரத்தடியில் நடக்க வேண்டியவை. அங்கே யாரும் போவதில்லை. நெறியாள்கைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் பலர் தாக்குவது இந்த அரைகுறைப் பயிற்சியைத்தான். முழுப் பயிற்சியோடு அவர்களுக்குச் சண்டை இருக்க வேண்டியதில்லை.

சண்டை வரும் இடம் மருந்தடிப்பு. இந்த விஷயத்தில் மலேசியத் தோட்டங்களின் வரலாறு மிகத் தெளிவானது, கசப்பானதும்கூட. 1962இல் சந்தைக்கு வந்த பாராகுவாட் களைக்கொல்லி பால்மரத்துக்கும் செம்பனைக்கும் அடியில் பத்தாண்டுக் கணக்கில் அடிக்கப்பட்டது. அடித்தவர்களில் பெரும்பங்கு பெண்கள், அவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். விழுங்கினால் முறிவு மருந்தில்லாத நஞ்சு அது; தோல் புண் வழியாகவும் உள்ளே போகும்; நகம் கறுத்து உதிரும், மூக்கில் இரத்தம் வரும். இதற்கு நிறுவனங்கள் சொன்ன பதில் பயிற்சி. கையுறை போடு, காலணி போடு, முகத்தை மூடு, காற்றுக்கு எதிரே அடிக்காதே. பட்டியல் சரியானதுதான். விடை தெரியும், அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைதான் தவறு.

1990களில் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பு வேறொரு வழியைத் தொடங்கியது. மருந்தடிப்பவர்களும் விவசாயிகளும் தங்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தாங்களே கூடிப் பேசிப் பதிவு செய்யும் சமூகக் கண்காணிப்பு முறை அது. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனித்தா அமைப்பும் அந்த வலையமைப்பும் சேர்ந்து தோட்டத்து மருந்தடிப்புப் பெண்கள் பற்றிய ஆய்வை 2002இல் வெளியிட்டன. பெண்களைப் பேச வைத்தபோது வெளிவந்தது கையேட்டில் இல்லாத பாடம். வெப்பமண்டல வெயிலில் முழுக் கவச உடையோடு நாள் முழுவதும் நிற்க முடியாது. முதுகுப் பம்பு ஒழுகி முதுகை நனைக்கிறது. கைகழுவத் தண்ணீர் பக்கத்தில் இல்லை. டப்பாவில் உள்ள எழுத்தை வாசிக்கத் தெரியாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் தோட்ட மருத்துவ உதவியாளர் அதை மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒருத்திக்கு நகம் போனது அவளுடைய கவனக்குறைவாகத் தெரிந்தது. பலருக்கும் போயிருக்கிறது என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அது வேலையின் தன்மையாகத் தெரிந்தது. தனித்தனியாக எத்தனை முறை பயிற்சி கொடுத்தாலும் இந்த அறிவு பிறந்திருக்காது.

இதே முறையின் இன்னொரு முன்னோடி இத்தாலியின் டூரின் நகரத்துக் கார்த் தொழிலாளர்கள். 1960களில் இவார் ஒடோனே என்ற மருத்துவர் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலையின் வரைபடத்தில் எங்கெங்கே இரைச்சல், எங்கே புகை, எங்கே முதுகுவலி என்று தொழிலாளர்களே குறித்தார்கள். நிபுணர் அளவுகளைத் தந்தார். எதை அளப்பது என்பதைத் தொழிலாளர்கள் முடிவு செய்தார்கள். 

மலேசிய அரசு 2002இல் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பெண்கள் பேசிய அந்த ஆய்வுக்கும் தடைக்கும் நடுவே 18 ஆண்டுகள் ஓடின. நெறியாள்கையைப் பாராட்டிப் பேசுவோர் பலரும் இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை. கூடிப் பேசியதால் உண்மை வெளிவந்தது. அதை நடைமுறையாக்கும் அதிகாரம் பேசியவர்களிடம் இல்லை. நெறியாள்கை வேலை செய்ததா இல்லையா என்பதை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான அளவுகோல் இதுதான்: கூட்டத்தில் எடுத்த முடிவைச் செயலாக்க யார் கையெழுத்திட வேண்டும், அவர் அந்த அறையில் இருந்தாரா?

பேச்சு மட்டும் போதாது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது கர்ட் லெவின் போர்க்காலத்தில் அயோவாவில் செய்த சோதனை. நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க இல்லத்தரசிகளை இணங்க வைக்க வேண்டும். ஒரு பகுதியினருக்குச் சொற்பொழிவு. இன்னொரு பகுதியினர் கலந்து பேசிக் கைதூக்கி முடிவெடுத்தார்கள். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் அதுவரை சமைக்காத அந்த இறைச்சியைச் சமைத்திருந்தார்கள். கூடி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். கலந்துரையாடலின் வெற்றி என்று இதை எடுத்துக்கொண்டவர்கள் பலர். எடித் பென்னட் 1955இல் கூறுகளைப் பிரித்துச் சோதித்தபோது, வேறுபாட்டுக்குக் காரணம் கலந்துரையாடல் அல்ல, முடிவெடுத்தலும் மற்றவர்களும் அதே முடிவை எடுக்கிறார்கள் என்று காண்பதும்தான் என்று தெரிந்தது. தோட்டத்துக்கு இது மிக முக்கியமான செய்தி. தாளில் வண்ணப் பேனாவால் எழுதி, சுவரில் ஒட்டி, கைதட்டிக் கலையும் கூட்டங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முடிவில்லாத அந்தக் கூட்டங்கள் பழைய சொற்பொழிவைவிடச் சிறந்தவை என்று சொல்ல ஆதாரமில்லை.

செம்பனையில் உதிரிப்பழம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குலை பழுத்துவிட்டது என்பதற்கு அடையாளம் தரையில் உதிர்ந்த பழம். அந்தப் பழத்தில்தான் எண்ணெய் அதிகம். ஆலையில் தரம் பார்க்கும்போது காய்வெட்டுக் குலைக்கு அபராதம். தோட்டத்தில் பழம் சிதறிக் கிடந்தால் நிர்வாகிக்குக் கோபம். இதற்கும் பயிற்சி நடத்துகிறார்கள்: பழுத்த குலையை எப்படி அறிவது, உதிரியை எப்படிப் பொறுக்குவது. அடையாளம் கற்பிக்கத்தான் வேண்டும். புதிதாக வந்தவருக்கு முதல் மாதத்தில் உயரத்தில் இருக்கும் குலையின் நிறம் ஏமாற்றும். ஆனால் பொறுக்கத் தெரியாததால் யாரும் விடுவதில்லை. கூலி டன் கணக்கில். ஒரு குலையை வெட்டித் தள்ளும் நேரத்தில் ஒரு வாளி உதிரி நிறையாது. மட்டை வெட்டி அடுக்க வேண்டும், புல் உயர்ந்திருந்தால் பழம் கண்ணுக்குத் தெரியாது, வெட்டுச் சுற்று தள்ளிப்போனால் மரத்தடியில் குவியும். முன்பு மனைவி கூடப்போய்ப் பெயர்ப்பதிவில்லாமல் பொறுக்கிக் கொடுத்தார். தனியாக வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அந்தத் துணையும் இல்லை. இதைப் பற்றி ஒரு நல்ல நெறியாளர் வெட்டுபவர்களையும் மண்டோரையும் உட்கார வைத்துப் பேசினால், முடிவு உதிரிக்குத் தனிக்கூலி, வட்டத்தில் களை எடுக்கும் நாள், சுற்றின் நீளம் என்று போய் நிற்கும். மூன்றும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அவற்றைத் தொட நிர்வாகம் தயாரில்லை என்றால் கூட்டம் போடாமல் இருப்பதே மரியாதை. தொழிலாளி தன் மனத்தில் இருப்பதைச் சொல்வது அவருக்கு ஆபத்தான காரியம். அதிலும் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கும்போது. அந்த ஆபத்தை ஏற்கச் சொல்லிவிட்டுக் கைவிரிப்பது கொடுமை.

மலேசியச் சட்டம் பயிற்சி, நெறியாள்கை இரண்டையும் கேட்கிறது, ஒன்றைத்தான் எண்ணுகிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்குகிறது. 30ஆவது பிரிவு 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்கிறது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். முந்தையது பயிற்சி, பிந்தையதில் நெறியாள்கைக்கு இடம் இருக்கிறது. ஆனால் பணம் வேறு வழியில் ஓடுகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த மனிதவள மேம்பாட்டு லெவி இன்று மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப் வழியாக வசூலாகிறது. 2021 விரிவாக்கத்தில் விவசாயத் துறையும் உள்ளே வந்தது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி மாதச் சம்பளத்தில் 1 சதவீதம் கட்டுகிறார். பயிற்சி நடத்தித் திரும்பக் கோருகிறார். கோரிக்கை நாள் கணக்கிலும் ஆள் கணக்கிலும் அமைகிறது. பயிற்றுநருக்குச் சான்றிதழ் வேண்டும். இந்த ஏற்பாடு வகுப்பை ஊக்குவிக்கிறது. மரத்தடியில் வாரம் அரைமணி நேரம் நடக்கும் பேச்சுக்கு அதில் பெட்டி இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, நிதி மலேசியத் தொழிலாளர்களுக்கானது. குலை வெட்டுபவரும் மருந்தடிப்பவரும் வெளிநாட்டவர்களாக இருக்கும் தோட்டத்தில், ஆபத்து மிகுந்த வேலை செய்பவர்கள் அந்த நிதிக்கு வெளியே நிற்கிறார்கள். கிராணிக்குக் கணினிப் பயிற்சி கிடைக்கும். அரிவாள் கம்பத்தை அண்ணாந்து பிடிப்பவருக்குக் கிடைக்காது.

பயிற்சியையும் நெறியாள்கையையும் இணைக்கும் வழி வெகு தூரத்தில் இல்லை. 1990களின் நடுவில் வியட்நாமின் மேகோங் கழிமுகத்தில், கன் தோ மாகாணத்தில் தொடங்கி உலகத் தொழிலாளர் அமைப்பு பரப்பிய முறை ஒன்று உண்டு. விவசாயக் குடும்பங்கள் முதலில் தங்கள் ஊரிலேயே யாரோ செய்திருக்கும் நல்ல ஏற்பாடுகளைப் படங்களில் பார்க்கும்: சுமை தூக்கும் தள்ளுவண்டி, மருந்தைப் பூட்டி வைக்கும் பெட்டி, உட்கார்ந்து வேலை செய்யும் மேடை. பிறகு ஒரு சரிபார்ப்புத் தாளோடு சுற்றிப் பார்த்து, சிறு குழுக்களில் பேசி, செலவு குறைந்த ஒன்றிரண்டு திருத்தங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும். அறிவு வெளியிலிருந்தும் வருகிறது, தேர்வு உள்ளிருந்து எழுகிறது.

இந்தோனேசியாவின் வயல்வெளிப் பள்ளிகள் இன்னும் ஆழமான பாடம். நெல்லில் தத்துப்பூச்சி பெருகியதற்கு மருந்தே காரணம் என்று தெரிந்த பிறகு, 1989இல் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு அவை தொடங்கின. விவசாயி ஒரு பூச்சியைக் காட்டி இது என்ன என்று கேட்டால் நெறியாளர் பெயரைச் சொல்லமாட்டார். எங்கே பார்த்தீர்கள், என்ன தின்றுகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்பார். ஆனால் அப்படிக் கேட்கும் தகுதி வருவதற்கு முன் அவர் ஒரு முழுப் பருவம் தானே வயலில் இறங்கி நெல் வளர்த்துப் பயிற்சி பெற்றிருந்தார். தொழில் தெரியாதவர் நெறியாளராக முடியும், கேட்கத் தெரிந்தால் போதும் என்று இன்று கோலாலம்பூர் ஓட்டல்களில் நடக்கும் பேச்சை நான் ஏற்கவில்லை. உளியைத் தொடாதவர் கேட்கும் கேள்வி மேலோட்டமாகவே இருக்கும், பால் வெட்டுபவர்கள் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படியானால் தோட்டத்தில் யார் நெறியாளர்? என் பார்வையில் மண்டோர்தான், சில நிபந்தனைகளோடு. அவருக்குத் தொழில் தெரியும். நெகிரி செம்பிலானில் பல மண்டோர்கள் தமிழும் மலாயும் பேசி, இந்தோனேசியரோடும் வங்காளதேசியோடும் சமாளிக்கிறார்கள். நிர்வாகியின் மொழியை ஆட்களுக்கும் ஆட்களின் குறையை நிர்வாகிக்கும் கொண்டுபோவது அவர்களுக்குப் பழகிய வேலை. தடை என்னவென்றால், காலையில் அபராதம் எழுதியவர் மாலையில் மனம்விட்டுப் பேசச் சொன்னால் யாரும் பேசமாட்டார்கள். ஆகவே தன் கும்பலுக்கு அவர் பயிற்றுநராக இருக்கட்டும். பக்கத்துப் பிரிவின் கும்பலுக்கு நெறியாளராக இருக்கட்டும். தொழிற்சங்கப் பிரதிநிதி கூட இருக்கட்டும். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலி ஒப்பந்தத்தில் காட்டிய அக்கறையை இதிலும் காட்ட இடமுண்டு.

பெரட்டுக்களத்தில் மாதம் ஒரு நாள், வேலை நேரத்துக்குள், கூலி வெட்டாமல், ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துப் பேசலாம். பம்பு ஒழுகுவது ஒரு மாதம், உதிரிப்பழம் அடுத்த மாதம். தொழில்முறை தெரியவில்லை என்று பேச்சில் வெளிப்பட்டால் அந்த இடத்திலேயே மரத்தடிக்குப் போய்ச் செய்து காட்ட வேண்டும். அங்கே பயிற்சி தொடங்கும். கருவி, கூலி, நேரம் என்று வெளிப்பட்டால் நிர்வாகி குறித்துக்கொண்டு தேதி சொல்ல வேண்டும். எச்ஆர்டி கார்ப் இந்த மணிநேரங்களையும் பயிற்சியாக ஏற்று, வெளிநாட்டவருக்கும் நிதியைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் வேலையும் ஒன்றாக இருக்கட்டும்: போன மாதம் கேட்டவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று நிர்வாகி எழுந்து நின்று சொல்வது.